ஆட்டம் சேஜ் வளர்ப்பு: முதல் இரண்டு வருடம் தண்ணீர், பிறகு கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

ஆட்டம் சேஜ் என்ற சால்வியா கிரெகி பூச்செடியை நர்சரியில் வாங்கினால், தொட்டியில் 'வறட்சியைத் தாங்கும்' என்று ஒரு அட்டை செருகியிருக்கும். பொய் இல்லை. இரண்டு வருடம் மண்ணில் வேரோடிய செடிக்கு அது பொருந்தும். கையிலிருக்கும் ஒரு கேலன் தொட்டிச் செடிக்குப் பொருந்தாது. டெக்சஸ் வீட்டுத் தோட்டங்களில் இந்தச் செடி இரண்டு விதமாகச் சாகிறது. அட்டையை நம்பி முதல் கோடையில் தண்ணீர் காட்டாமல் விடுவது ஒன்று. அதில் தப்பிய செடியைப் புல்வெளியோடு சேர்த்து வாரம் மூன்று நாள் ஸ்பிரிங்க்ளரில் நனைத்துக்கொண்டே இருப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

செடியின் பிறந்த இடம் தெரிந்தால் இது புரிந்துவிடும். டெக்சஸின் தென்மேற்குப் பகுதியும், அதற்குத் தெற்கே மெக்சிகோவில் கோவாவிலா முதல் சான் லூயிஸ் பொட்டோசி வரையுள்ள பாறைச் சரிவுகளும் அதன் சொந்த ஊர். வணிகராகவும் ஊர்சுற்றியாகவும் இருந்து வழியெல்லாம் செடி சேகரித்த ஜோசையா கிரெக் நினைவாக, தாவரவியலாளர் ஆசா கிரே 1870-இல் அதற்குப் பெயர் வைத்தார். சிவாவா பாலைநிலத்தின் மழை பெரும்பாலும் கோடைக் கடைசியில்தான் வரும். வந்த தண்ணீர் கல்லிடுக்கில் இறங்கிப் போய்விடும், தேங்காது. மழை முடிந்த கையோடு செடி பூத்துக் கொட்டும். ஆட்டம் சேஜ், அதாவது இலையுதிர்காலச் சேஜ் என்ற பெயர் அதனால் வந்ததுதான். வெயில், சுண்ணாம்பு மண், எப்போதாவது ஒரு நல்ல நனைப்பு, நனைந்த பின் காய்ந்து கிடக்க அவகாசம்: இந்த நான்கைத் தவிர அதற்கு வேறு எதுவும் வேண்டாம்.

தண்டைத் தொட்டுப் பாருங்கள். இளந்தண்டு நான்கு பட்டையாக இருக்கும். இலையைக் கசக்கினால் மணம் வரும். நம் துளசி, தும்பை, கற்பூரவள்ளி எல்லாம் இதே குடும்பம்தான். இரண்டு முதல் மூன்று அடி உயரம், அதே அகலம். மார்ச் கடைசியில் பூக்கத் தொடங்கி முதல் உறைபனி வரை விட்டுவிட்டுப் பூக்கும். ஜூலை வெயிலில் சற்று ஓயும்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க

டெக்சஸில் 'டெக்சஸ் சேஜ்' என்று கேட்டால் வேறு செடியைக் கொடுப்பார்கள். சாம்பல் நிற இலையும் ஊதாப் பூவும் கொண்ட அந்தப் புதரை செனிசோ என்றும் சொல்வார்கள். நல்ல செடிதான், ஆனால் அது சேஜே இல்லை, தண்டு நான்கு பட்டையாகவும் இருக்காது. இன்னொரு குழப்பம், ஊட்டி மலர்க்காட்சியில் சிவப்புப் பட்டை பட்டையாக நட்டு வைக்கும் சால்வியா. பிரேசிலிலிருந்து வந்த அந்த இனம் இங்கும் ஆறு ஆறாக டிரேயில் விற்கும். அதற்குத் தண்ணீர் நிறைய வேண்டும், ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். ஆகவே தொட்டி அட்டையில் சால்வியா கிரெகி என்ற பெயரையே தேடுங்கள்.

அதன் நெருங்கிய உறவு சால்வியா மைக்ரோஃபில்லா. கிரெகியின் இலை சிறியது, ஓரம் வழவழப்பு. மைக்ரோஃபில்லா இலை கொஞ்சம் பெரியது, ஓரத்தில் பல் பல்லாக இருக்கும். சிவப்பும் வெள்ளையும் கலந்த உதடு போன்ற பூவுக்காகப் பெயர்பெற்ற 'ஹாட் லிப்ஸ்' இந்த மைக்ரோஃபில்லா பக்கத்துச் செடி. வெப்பநிலை மாற மாற அதே செடியில் முழுச் சிவப்பு, முழு வெள்ளை, இரண்டும் கலந்தது என்று பூ மாறும். யாரோ தொட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நர்சரிக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம். இந்த இரண்டு இனமும் காட்டிலேயே கலந்து பிறந்த கலப்பினம் சால்வியா ஜாமென்சிஸ். கோவாவிலாவில் உள்ள ஜாமே என்ற ஊரின் பெயர் அது. மூன்றுக்கும் வளர்ப்பு முறை ஒன்றே.

கிரெகியில் சிவப்பு, இளஞ்சிவப்பு, பவழம், வெள்ளை, ஊதா என்று பல நிறம் உண்டு. பூந்தேன் குடிக்க வரும் சின்னஞ்சிறு பறவையான ஹம்மிங்பேர்டுக்காகவே நடுகிறீர்கள் என்றால் முதலில் சிவப்பு. சிவப்பைப் பறவை தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும். தேனீக்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அதனால் போட்டியும் குறைவு. இடம் பழகிய பிறகு பறவை வெள்ளைப் பூவையும் விடாது. டாலஸுக்கு வடக்கே குளிர் கடுமையான இடங்களில் 'ஃபர்மன்ஸ் ரெட்' நம்பகமான ரகம். ஈரப்பதமும் வெக்கையும் சேர்ந்த இடங்களுக்கு 'செர்ரி சீஃப்'.

ஐந்து கேலன் செடிக்குப் பணம் கொட்டாதீர்கள். ஒரு கேலன் செடி சீக்கிரம் வேர்பிடித்து இரண்டாம் வருடத்தில் அதை எட்டிவிடும். பூ நிறைய இருக்கிற செடியைவிட, அடியிலிருந்து நாலைந்து தண்டு கிளம்பியிருக்கும் குட்டையான செடியை எடுங்கள். தொட்டியிலிருந்து மெல்ல உருவிப் பார்த்தால் வேர் வெளுப்பாக இருக்க வேண்டும். பழுப்பாக, கொழகொழவென்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்து போட்ட செடியா? அந்த மருந்து செடிக்குள் ஊடுருவிப் பூந்தேன் வரை போகும். தேனீக்கு நஞ்சு. பறவைக்கென்று நடும் செடியில் அது வேண்டாம்.

மண்ணும் மேடும்

டாலஸிலிருந்து தெற்கே சான் அன்டோனியோ வரை நீளும் பிளாக்லேண்ட் பகுதி மண்ணைக் கையில் எடுத்தால் கோவில்பட்டிக்காரருக்கு உடனே அடையாளம் தெரியும். நம் கரிசலேதான், மண்ணியலில் இரண்டும் வெர்டிசால் என்ற ஒரே வகை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பி மூடிக்கொண்டு தண்ணீரைக் கீழே விடாது. பருத்திக்கு அருமையான மண். பாறைச் சரிவில் பிறந்த சேஜுக்கு அது சேறு. ஆஸ்டினின் மேற்குப் பக்கம் நேர்மாறாக, இரண்டு அங்குல மண்ணுக்குக் கீழே சுக்கான் பாறை. அங்கே குழி தோண்டுவதுதான் கஷ்டம். தோண்டிவிட்டால் செடிக்கு அது பிறந்த வீடு.

முதலில் வடிகால் சோதனை. ஓரடி ஆழம், ஓரடி அகலம் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி முழுதும் வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று குச்சி வைத்து அளந்து பாருங்கள். இரண்டு, மூன்று அங்குலம் இறங்கினால் நேராக நடலாம். ஓரங்குலத்துக்குக் குறைந்தால் அந்த இடத்தில் குழியில் நடவே கூடாது, மேடு கட்ட வேண்டும்.

பலரும் இங்கே ஒரு தப்பு செய்கிறார்கள். களிமண்ணில் குழி தோண்டி, அதை நல்ல கம்போஸ்டால் நிரப்பி, நடுவில் செடியை வைக்கிறார்கள். சுற்றிலும் தண்ணீர் இறங்காத களிமண், நடுவில் பஞ்சு போன்ற கம்போஸ்ட். மழை பெய்தால் அக்கம்பக்கத்துத் தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குள் வந்து நிற்கும். வாளிக்குள் செடி நட்டது போலத்தான். உரம் போட்டுப் பார்த்துப் பார்த்து நட்ட செடி அழுகுவதும், மூலையில் கல்லுக்குள் சும்மா செருகிய செடி செழிப்பதும் இதனால்தான்.

களிமண்ணுக்கு வழி இதுதான். நடும் பரப்பு முழுதும், குறைந்தது நான்கடிக்கு நான்கடி, இரண்டு மூன்று அங்குல கனத்துக்கு எக்ஸ்பேண்டட் ஷேல் பரப்பி, ஓரங்குலம் கம்போஸ்ட் சேர்த்து, ஆறேழு அங்குல ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். சூளையில் சுட்டு உப்பவைத்த களிக்கல்தான் இந்த ஷேல். டெக்சஸ் நர்சரிகளில் மூட்டையாகக் கிடைக்கும். மட்காது, அதனால் ஒருமுறை போட்டால் போதும். ஆற்று மணலை மட்டும் களிமண்ணில் கலக்க வேண்டாம். சிறிதளவு மணல் களிமண்ணோடு சேர்ந்தால் இறுகித்தான் போகும். பிறகு அந்தக் கலவையை எட்டு அங்குல மேடாக இழுத்துக் கூட்டுங்கள். ஆண்டுக்கு சுமார் 50 அங்குல மழை பெய்யும் ஹூஸ்டனில் மேடு ஓரடி இருக்கட்டும்.

மண்ணின் காரத்தன்மையைப் பற்றிக் கவலை வேண்டாம். டெக்சஸ் குழாய்த் தண்ணீரும் சுண்ணாம்பு மண்ணும் செம்பருத்தி, கறிவேப்பிலையை மஞ்சளாக்கிக் கண்ணீர் வரவைக்கும். கிரெகிக்கு அது உறுத்தாது.

நடவு

சிறந்த காலம் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் நடுப்பகுதி வரை. மண்ணில் சூடு மிச்சம் இருக்கும், காற்று தணிந்திருக்கும். மேலே இலை அதிகம் விடாமல் கீழே வேர் ஓட ஏற்ற காலம். அது தவறினால் கடைசி உறைபனிக்குப் பின், மார்ச், ஏப்ரல். உறைபனி கடுமையான வட டெக்சஸில் மார்ச்சுக்குக் காத்திருப்பதே மேல். மே மாதம் அன்னையர் தின விற்பனையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி நட்டால் கோடை முழுதும் அதற்கு நர்ஸ் வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

இடம், நேர்வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் விழுவதாக இருக்கட்டும். எட்டு கிடைத்தால் நல்லது. மேற்கு டெக்சஸ் போன்ற கொதிக்கும் இடத்தில் மாலை மூன்று மணிக்கு மேல் சற்று நிழல் இருந்தால் பூ ஓயும் காலம் குறையும். செடிக்குச் செடி இரண்டரை அடி விடுங்கள். புல்வெளி ஸ்பிரிங்க்ளர் எட்டாத தூரம் முக்கியம்.

நடுவதற்கு ஒரு மணி நேரம் முன் தொட்டியோடு தண்ணீரில் முக்கி வையுங்கள். குமிழி நின்றால் வேர்க்கட்டி நனைந்துவிட்டது. குழியின் அகலம் தொட்டியைப் போல் இரண்டு மடங்கு. ஆழம் தொட்டியின் உயரத்துக்கு ஓரங்குலம் குறைவாக. வேர் சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தால் விரலால் பிரியுங்கள். இறுகியிருந்தால் பக்கவாட்டில் மூன்று இடத்தில் கத்தியால் அரை அங்குலம் கீறுங்கள். இல்லாவிட்டால் அந்த வேர் தொட்டியின் வடிவத்திலேயே வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். வேர்க்கட்டியின் மேல்மட்டம் சுற்றுமண்ணைவிட ஓரங்குலம் உயர்ந்து நிற்கும்படி வைத்து, தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி, கையால் அழுத்துங்கள். காலால் மிதிக்க வேண்டாம். தண்டுகள் முறுக்கென்று ஒடிந்துவிடும், அடியைப் பிடித்தே தூக்குங்கள்.

மூடாக்குக்கு மரத்தூள், பட்டை வேண்டாம். ஈரத்தைத் தண்டோடு பிடித்து வைக்கும். பொடிச் சரளை அல்லது நொறுங்கிய கிரானைட், இரண்டு அங்குல கனம், தண்டைச் சுற்றி மூன்று அங்குலம் வெறுமையாக விட்டு.

எச்.ஓ.ஏ., அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், உள்ள குடியிருப்பில் முன்பக்கப் புல்லை எடுத்துவிட்டுச் சரளையும் சேஜும் போட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். வறட்சி தாங்கும் செடிகளையும் தண்ணீர் மிச்சப்படுத்தும் புல்தரையையும் எச்.ஓ.ஏ. தடை செய்யக் கூடாது என்று டெக்சஸில் 2013-இல் சட்டம் வந்தது. ஆனால் வரைபடத்தைக் காட்டி முன்கூட்டியே ஒப்புதல் வாங்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. வாங்கிவிட்டுத் தோண்டுங்கள்.

தண்ணீர்க் கணக்கு

நர்சரித் தொட்டிக் கலவை பீட்டும் (மட்கிய பாசி) மரப்பட்டையும் சேர்ந்தது. சுற்றியுள்ள களிமண் ஈரமாக இருக்கும்போதே இந்தக் கட்டி மட்டும் காய்ந்துவிடும். ஒருமுறை முழுதாகக் காய்ந்தால் தண்ணீரை ஒட்டவே விடாது. ஆகவே முதல் இரண்டு வாரம் தண்ணீர் தண்டின் அடியிலேயே, அந்தக் கட்டியின் மேலேயே விழ வேண்டும்: இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை வாரம் ஒருமுறை இரண்டு கேலன். மணிக்கு ஒரு கேலன் விடும் சொட்டுவான் இரண்டைத் தண்டிலிருந்து எட்டு அங்குலம் தள்ளி இருபுறமும் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினால் கணக்கு சரியாக இருக்கும். குளிர்காலத்தில் மழையே இல்லாவிட்டால் மட்டும் மாதம் ஒருமுறை.

முதல் கோடையில் ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை அதே இரண்டு கேலன். இந்தக் கோடையில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டாம் கோடையில் சொட்டுவானை இன்னும் ஆறு அங்குலம் வெளியே நகர்த்தி, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று கேலன். மூன்றாம் வருடத்திலிருந்து ஒரு மாதம் மழை இல்லையென்றால் ஒரு முழு நனைப்பு போதும். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிப்பது எந்த வயதிலும் தப்பு. மேல் மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே தங்கிவிடும். தாங்கும் சக்தி ஆழத்தில் இருக்கிற வேரில்தான் வருகிறது.

100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டிய பிற்பகலில் இலை தொய்ந்து நிற்பதைப் பார்த்துப் பதறிக் குழாயைத் திறக்காதீர்கள். காலை ஏழு மணிக்குப் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் ஒன்றும் இல்லை, வெயிலுக்குத் தலை குனிந்ததுதான். காலையிலும் தொய்வு இருந்து, விரலை இரண்டு அங்குலம் விட்டால் மண் காய்ந்திருந்தால் தாகம். காலையிலும் தொய்வு, மண்ணிலோ ஈரம் என்றால் வேர் அழுகத் தொடங்கிவிட்டது. அப்போது இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் அதைக் கொல்கிறது. தண்ணீரை நிறுத்தி, மூடாக்கை விலக்கி, முடிந்தால் செடியை மண்ணோடு பெயர்த்து மேட்டில் வைத்து, மூன்றில் ஒரு பங்கு கிளையை வெட்டிவிடுங்கள். பாதிச் செடிகள் பிழைக்கும் என்ற அளவுக்கு மட்டும் நம்பிக்கை வைக்கலாம்.

தொட்டியில் வளர்த்தால் வறட்சி தாங்கும் என்ற பேச்சே இல்லை. பதினாறு அங்குல மண்தொட்டி, இரண்டு பங்கு தொட்டி மண்ணுக்கு ஒரு பங்கு பெர்லைட் (சூட்டில் உப்பவைத்த வெள்ளைக் கல் துகள்), கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை அடியில் வழியும் வரை தண்ணீர்.

உரம் கிட்டத்தட்ட வேண்டாம். வசந்தத்தில் அரை அங்குலம் கம்போஸ்டைத் தூவினால் போதும். புல்லுக்குப் போடும் தழைச்சத்து உரம் இதன்மேல் விழுந்தால் தண்டு நீண்டு சாய்ந்து, இலை மட்டும் பெருத்து, பூ குறையும்.

கவாத்து: பிப்ரவரியும் ஆகஸ்டும்

பெரிய வெட்டு குளிர் முடியும்போது. ஹூஸ்டனில் பிப்ரவரி தொடக்கம், ஆஸ்டினில் பிப்ரவரி நடு, டாலஸில் பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் முதல் வாரம். அடிக்கணுக்களில் மிளகளவு பச்சைத் துளிர் தெரிகிற நேரம்தான் சரியான நேரம். செடியின் உயரத்தில் பாதியை எடுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தரையிலிருந்து ஆறு அங்குலம் விட்டு வெட்டலாம். ஒவ்வொரு தண்டிலும் வெட்டுக்குக் கீழே உயிருள்ள துளிர் இருக்கிறதா என்று பார்த்தே கத்திரியை வையுங்கள். துளிர் இல்லாத வெறும் கட்டையை வெட்டினால் அது திரும்பக் கிளைக்காமல் போகலாம்.

நவம்பரில் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று இதையும் ஒட்ட வெட்டிவிடுவார்கள். டெக்சஸ் நவம்பரில் நாலு நாள் வெயில் அடித்தால் வெட்டிய இடத்தில் இளந்துளிர் வரும். டிசம்பர் பனி அதைக் கருக்கும். பழைய கிளைகள் பனிக்கு ஒரு போர்வை. அப்படியே விடுங்கள்.

இரண்டாவது வெட்டு ஆகஸ்ட் முதல் பாதியில். நுனியிலிருந்து கால் பங்கு மட்டும். வெட்டி நான்கைந்து வாரத்தில் செடி முழுதும் பூக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அது செப்டம்பர் நடுப்பகுதி. கனடாவிலிருந்தும் கிழக்கு அமெரிக்காவிலிருந்தும் தெற்கே கிளம்பிய ரூபி கழுத்து ஹம்மிங்பேர்டுகள் டெக்சஸ் கடற்கரையில் கூட்டமாக வந்திறங்கும் காலம் அது. ராக்போர்ட் ஊரில் இதற்கென்று செப்டம்பரில் ஆண்டுதோறும் விழாவே நடக்கிறது. சுமார் மூன்று கிராம் எடையுள்ள பறவை, தொலைதூரப் பறத்தலுக்கு முன் கொழுப்பு ஏற்றிக்கொள்ளப் பார்க்கும். அந்த வாரத்தில் உங்கள் செடியில் பூ இருக்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் வெயிலில் கத்திரி பிடித்தாக வேண்டும். வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்னும் வெட்டிய மறுநாளும் ஒரு முழு நனைப்பு கொடுங்கள்.

பிப்ரவரி 2021-இல் வந்ததைப் போன்ற கடும் உறைபனி அடித்தால் மேலே எல்லாம் காய்ந்துவிடும். பிடுங்கிவிடாதீர்கள். தண்டின் அடியை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் உண்டு. பச்சை இல்லாவிட்டாலும் ஏப்ரல் கடைசி வரை பொறுத்தால் வேரிலிருந்து கிளம்பக்கூடும்.

பறவை வர

பூவைப் பாருங்கள். நீண்ட குழல், மேலே ஒரு குல்லா, அந்தக் குல்லாவுக்குள் இரண்டு மகரந்தத் தாள்கள். பறவை அலகை உள்ளே விட்டுத் தேனைக் குடிக்கும்போது நெற்றியில் மகரந்தம் தடவப்படும். மருந்தடிக்காத செடியில் ஒரு பூவை உருவி அடியை உறிஞ்சிப் பாருங்கள். சின்ன வயதில் இட்லிப்பூவை உறிஞ்சியவர்களுக்கு அந்த இனிப்பு ஞாபகம் வரும். மெல்லிய காம்பில் வெளியே நீட்டி நிற்கும் இந்தப் பூவுக்குப் பக்கத்தில் கால் வைக்க இடம் கிடையாது. அந்தரத்தில் நின்று குடிக்கத் தெரிந்த பறவைக்குத்தான் வசதி. நம் ஊர்த் தேன்சிட்டு பெரும்பாலும் கொம்பில் உட்கார்ந்து குடிக்கும். அது வேறு குடும்பம். ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களை விட்டு எங்கும் இல்லை.

ஒரே நிறத்தில் குறைந்தது மூன்று செடியைச் சேர்த்து நடுங்கள். ஒற்றைச் செடியைப் பறவை தாண்டிப் போய்விடும். ஆனால் ஒரே இடத்தில் பத்துச் செடி வைத்தால் ஒரு சேவல் பறவை வந்து பட்டா போட்டுக்கொண்டு மற்ற எதையும் அண்டவிடாது. வீட்டின் முன்னால் மூன்று, பின்னால் மூன்று என்று ஒன்றிலிருந்து ஒன்று தெரியாதபடி பிரித்தால் அதிகப் பறவைகள் வரும். பக்கத்தில் ஒரு மெலிந்த காய்ந்த கொம்பு இருந்தால் அதை வெட்டாதீர்கள், உட்கார்ந்து காவல் காக்க அதற்கு வேண்டும். சிலந்தி வலையையும் விட்டு வையுங்கள். கூடு பின்ன அதன் நூலைத்தான் எடுத்துப்போகும். குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் கொசு, சிறு பூச்சி, சிலந்தி.

ஜூலை, ஆகஸ்டில் சேஜ் ஓயும்போது டர்க்ஸ் கேப் பூக்கும். விரியாமலே சுருண்டு நிற்கும் செம்பருத்தியை ஊரில் பார்த்திருப்பீர்களே, அதன் உறவுக்காரச் செடி. மர நிழலிலும் வரும். வெயிலில் ரெட் யுக்கா. இந்த மூன்றும் இருந்தால் மார்ச் முதல் நவம்பர் வரை பூ அறாது.

கூடவே சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி தொங்கவிடுபவர்களுக்கு: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர். அவ்வளவுதான். நல்லது செய்கிறோம் என்று வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் போடாதீர்கள். வெல்லத்தில் இரும்புச்சத்து உண்டு, அது பறவைக்கு ஆகாது; தேன் கலந்த தண்ணீரில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். சிவப்புச் சாயமும் வேண்டாம். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்ற வேண்டும். முடியாதென்றால் புட்டியே வேண்டாம், செடி போதும்.

தொந்தரவுகள்

பூச்சி அதிகம் வராது. இலையின் எண்ணெய் வாசனைக்கு மானும் ஒதுங்கிப் போகும், பசி முற்றினால் தவிர. வசந்தத்தில் தண்டில் எச்சில் துப்பியது போல நுரை இருந்தால் உள்ளே நுரைப்பூச்சி. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் போய்விடும். அசுவினிக்கும் அதே வைத்தியம். இலையில் பொடிப்பொடியாக வெளுப்புப் புள்ளிகள் விழுந்து, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப் பேன். தூசி படியும் சுவரோரச் செடியில் வரும். இலையின் அடிப்பக்கத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவுங்கள். வெள்ளை மாவு பூசியது போன்ற சாம்பல் நோய் வந்தால் காற்றோட்டம் போதவில்லை, அல்லது வெயில் போதவில்லை என்று பொருள். உள்கிளைகளைக் களையுங்கள்.

பூவின் அடியில் சின்னக் கீறல் தெரிந்தால் கருவண்டு வேலை. குழலுக்குள் நுழைய முடியாமல் வெளியிலிருந்து துளை போட்டுத் தேனை எடுத்துப்போகும். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு மாறும் இடம் ஒன்றுதான். அங்கே கோடையில் மழை கிடையாது, கிரெகியோ கோடை மழைக்குப் பழகியது. எனவே வேர்பிடித்த செடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு நனைப்பு கொடுத்தால் பூ நிற்காது; அங்கே ஆண்டு முழுதும் தங்கும் 'அன்னாஸ்' வகை ஹம்மிங்பேர்டு தினமும் வரும். இந்தப் பழக்கத்தை சான் டியேகோ மலைகளின் கிளீவ்லேண்ட் சேஜ் மேல் காட்டிவிடாதீர்கள். அது கோடையில் தூங்கும் செடி; வெயிலில் ஈரமண் கிடைத்தால் சீக்கிரம் கறுத்துவிடும். ஓக் மரத்தடி நிழலில் நட இடம் இருந்தால் சால்வியா ஸ்பாதேசியா பொருத்தம். அதற்கு அங்கே பெயரே ஹம்மிங்பேர்டு சேஜ்.

போத்து நட்டுப் பெருக்க

விதையிலிருந்து வரும் செடி தாய்ச் செடியின் நிறத்தில் பூக்கும் என்று சொல்ல முடியாது. போத்துதான் வழி. மே, ஜூனில் பூ இல்லாத, முற்றாத கிளை நுனியைக் காலை வேளையில் நான்கு அங்குலம் நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். அடிப்பாதி இலைகளை எடுத்துவிட்டு, விருப்பமிருந்தால் வேர் ஊக்கிப் பொடியில் தொட்டு, பாதி பெர்லைட் பாதி பீட் கலந்த ஈரக் கலவையில் இரண்டு கணு புதையும்படி செருகுங்கள். குச்சியால் துளை போட்டுவிட்டுச் செருகினால் பொடி உதிராது. மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, வெளிச்சம் உண்டு, நேர்வெயில் இல்லை என்ற இடத்தில் வையுங்கள். தினமும் ஒருமுறை பையைத் தூக்கிக் காற்று விடுங்கள். இலை கறுத்தால் ஈரம் அதிகம். மூன்று நான்கு வாரத்தில் மெல்ல இழுத்தால் பிடிப்பு தெரியும். பத்து வைத்தால் ஆறேழு வரும்.

இதற்கும் பொறுமை இல்லாதவர்கள் தரையைத் தொடும் கிளை ஒன்றின் மேல் கணு மறையும்படி மண்ணைத் தள்ளி ஒரு கல்லை வைத்துவிடுங்கள். பதியன் தானே வேர்விடும்.

ஆறேழு வருடத்தில் தாய்ச் செடியின் நடுப்பகுதி கட்டையாகி, பூ ஓரங்களில் மட்டும் நிற்கும். எவ்வளவு வெட்டினாலும் இளமை திரும்பாது. ஐந்தாம் வருட மே மாதமே போத்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அக்டோபரில் பழையதைத் தோண்டி எடுத்த அன்றே அதே மேட்டில், வேர்ச்சக்கைகளைப் பொறுக்கிவிட்டு, புதியதை நடலாம். மேடு தயாராக இருப்பதால் ஷேல் மறுபடி வாங்க வேண்டியதில்லை. தண்ணீர்க் கணக்கு மட்டும் முதல் வாரத்திலிருந்து மீண்டும் தொடங்கும்.